பழைய வீட்டுக் குழாய் சொன்ன வரலாறு



வரலாறு என்ற சொல்லைக் கேட்டவுடன் நம் உள்ளம் எங்கே செல்கிறது? திருச்சிராப்பள்ளியில் வாழ்வோர்க்கு அது மலைக்கோட்டையின் உச்சிக்குச் செல்லும். ஸ்ரீரங்கத்தில் வாழ்வோர்க்கு ஏழு திருச்சுற்றுகளுக்கும் ஓங்கிய கோபுரங்களுக்கும் செல்லும். அஃது இயல்பே. முப்பத்தைந்து ஆண்டுகள் பள்ளியில் வரலாறு கற்பித்த நானும் மாணவர்களை அங்கேதான் அழைத்துச் சென்றேன். ஆனால் ஓய்வு பெற்ற பின்னர், நான் நன்கு கல்லாத ஒரு வரலாற்றுப் பாடத்தை என் வீட்டுக் குழாய் எனக்குக் கற்பித்தது. அந்தப் பாடத்தையே இன்று உங்களோடு பகிர்ந்துகொள்ள விழைகிறேன்.

என் வீடு ஸ்ரீரங்கத்தில், என் பாட்டனார் காலத்தில் செங்கல்லும் சுண்ணாம்பும் கொண்டு கட்டப்பட்டது. திண்ணை, ரேழி, கூடம், முற்றம், அடுக்களை, கொல்லை என்று ஒன்றன்பின் ஒன்றாக நீண்டு செல்லும் வீடு. கொல்லையில் ஒரு கிணறு உண்டு. வீதியிலிருந்து வரும் குடிநீர்க் குழாய் வாசற்சாக்கடையைக் கடந்து, ரேழிச் சுவருக்குள் புகுந்து, முற்றத்தின் ஓரமாக அடுக்களையை அடைகிறது. அந்தக் குழாயை யார் அமைத்தார், எப்போது அமைத்தார் என்று நான் ஒருநாளும் எண்ணிப் பார்த்ததில்லை. திறந்தால் நீர் வரும், மூடினால் நிற்கும். அதற்குமேல் அறிய என்ன இருக்கிறது என்பதே என் எண்ணம்.

சில ஆண்டுகளுக்கு முன்னர் நீரின் வேகம் குறையத் தொடங்கியது. ஒரு குடம் நிறையக் கால் மணி நேரம் ஆயிற்று. நான் என் செய்தேன்? காரணத்தைத் தேடவில்லை. சிறிய மோட்டார் ஒன்றை வாங்கி, வீதியிலிருந்து வரும் குழாயிலேயே நேராகப் பொருத்தினேன். பொதுக்குழாயிலிருந்து அவ்வாறு நீரை உறிஞ்சுவது முறையன்று. அண்டை வீட்டாரின் பங்கைப் பறிப்பதாகும். அது விதிக்கும் மாறானது. அறிந்தே செய்தேன் என்பதை நாணத்தோடு ஒப்புக்கொள்கிறேன். நீர் பெருகி வந்தது, நானும் மகிழ்ந்தேன்.

அதே வேளையில் ரேழிச் சுவரில் ஈரம் படர்ந்தது. வெள்ளை உப்புப் பூத்து, பூச்சு உதிர்ந்தது. மூன்று முறை சிமெண்டு பூசி மறைத்தேன். மூன்று முறையும் ஈரம் இன்னும் சற்று உயரத்தில் வெளிப்பட்டது. பின்னர் ஒரு மாதம், ஆறு வயதுப் பேரன் கடும் வயிற்றுப்போக்கால் வாடினான். மருத்துவர் உப்பும் சர்க்கரையும் கலந்த கரைசலைக் கொடுத்துத் தேற்றினார். அவன் எழுந்து நடமாடிய பதினைந்தாம் நாள் மீண்டும் படுத்தான். இம்முறை மருமகளும் படுத்தாள். “உங்கள் வீட்டுத் தண்ணீரைப் பாருங்கள்” என்றார் மருத்துவர்.

நான் உடனே தீர்ப்பு வழங்கிவிட்டேன். குற்றவாளி யார்? கொல்லையில் உள்ள பழங்கிணறுதான்! பாட்டனார் வெட்டிய கிணறு. பாசி படிந்த கிணறு. அதைத் தூர்த்துவிடுவதென்று முடிவு செய்தேன். அதற்கு முன்பு, ஈரச் சுவரையும் ஒருமுறை பார்த்துவிடலாம் என்று திருவானைக்காவிலிருந்து குழாய் வேலை செய்யும் பெரியவர் ஒருவரை அழைத்தேன்.

அவர் சுத்தியலை எடுக்கவில்லை. சுவரைத் தடவிப் பார்த்தார். வாசலுக்குப் போய்ச் சாக்கடையை எட்டிப் பார்த்தார். பிறகு கேட்டார்: “சார், இந்தக் குழாய் எந்த வருஷம் போட்டது? எந்த வழியாகப் போகிறது? இடையில் யாராவது வெட்டி ஒட்டினார்களா?”

நேயர்களே, கரிகாலன் கல்லணை கட்டிய வரலாற்றையும், 1836-இல் ஆர்தர் காட்டன் முக்கொம்பில் மேலணை எழுப்பத் தொடங்கியதையும் எத்தனையோ முறை வகுப்பில் சொல்லியவன் நான். என் வீட்டுக் குழாயின் ஆண்டு எனக்குத் தெரியவில்லை. “தெரியாதே ஐயா” என்றேன். “தெரியாமல் இடித்தால் வீடுதான் போகும், சார்” என்று அவர் அமைதியாகக் கூறினார். மூலத்தை ஆராயாமல் முடிவு கூறாதே என்று மாணவர்க்கு நான் உரைத்த விதியை, அவர் எனக்கே திருப்பி உரைத்தார்.

ஆகவே இருவரும் அமர்ந்து, அந்த வீட்டின் நீர் வரலாற்றை அடி முதல் ஆராயலானோம்.

முதல் அடுக்கு கிணறு. ஸ்ரீரங்கம், காவிரியும் கொள்ளிடமும் சூழ்ந்த தீவு. நிலத்தின் கீழே மணற்பாங்கு. சற்று ஆழத்தில் நீர் ஊறும். ஆனால் மணல் சரியும். மணல் சரியாமல் காக்கச் சுடுமண் வளையங்களை ஒன்றன்மேல் ஒன்றாக இறக்கிக் கட்டும் உறைகிணற்றை நம் முன்னோர் அறிந்திருந்தனர். கீழடியிலும் அரிக்கமேட்டிலும் அகழாய்வாளர் கண்ட உறைகிணறுகள் இதற்குச் சான்று.

நீரைக் குழாய் வழியே செலுத்தும் கலையும் நமக்குப் புதிதன்று. தூம்பு என்னும் தமிழ்ச்சொல்லே உள்ளே துளையுடைய நீர்வழியைக் குறிப்பது; ஏரிகளில் நீரை அளந்து விடும் அமைப்புக்கும் அதுவே பெயர். கீழடியில் 2019-இல் நடைபெற்ற ஐந்தாம் கட்ட அகழாய்வில், ஒன்றோடொன்று பொருத்தப்பட்ட சுடுமண் குழாய்கள் வெளிப்பட்டன. தஞ்சையில் சேவப்ப நாயக்கரின் பெயர் தாங்கிய ஏரியிலிருந்து சிவகங்கைக் குளத்திற்கும், நகருக்குள் உள்ள அய்யன்குளம் முதலியவற்றிற்கும் நிலத்தடி வழியாக நீர் சென்றது. அவ்வழியை மக்கள் ஜலசூத்திரம் என்று அழைத்தனர். காலப்போக்கில் அது மண்மூடி மறந்து போயிற்று. அண்மை ஆண்டுகளில் குளத்தைச் சீரமைத்தபோதுதான் மீண்டும் கருத்தைக் கவர்ந்தது. நிலத்தின் கீழ் இருப்பதை எழுதி வைக்காவிட்டால், ஒரு நகரமே தன் நீர்வழியை மறந்துவிடும் என்பதற்கு இஃதோர் எடுத்துக்காட்டு.

இரண்டாம் அடுக்கு நகராட்சிக் குழாய். 1865-ஆம் ஆண்டின் நகர மேம்பாட்டுச் சட்டத்தின்படித் திருச்சிராப்பள்ளி நகராட்சி 1866-இல் தோன்றியது. ஸ்ரீரங்கம் 1871-இல் தனி நகராட்சி ஆயிற்று. பின்னர் 1994-இல் ஸ்ரீரங்கமும் பொன்மலையும் திருச்சிராப்பள்ளியோடு இணைந்து மாநகராட்சி உருவாயிற்று. தெருவிளக்கு, துப்புரவு, குடிநீர் ஆகியவற்றைத் தனித்தனி வீட்டின் கவலையாக விடாமல், ஊரின் பொதுக் கடமையாக ஏற்ற காலம் அது. சென்னையிலும் இந்த மாற்றம் படிப்படியாகவே நிகழ்ந்தது. கோட்டைக்கு நீர் வழங்க 1772-இல் ஏழு கிணறுகள் அமைந்தன. 1872-இல் செங்குன்றம் ஏரி நீர் நகருக்கு வந்தது. மணல் வழியே வடிகட்டிய நீரைக் கீழ்ப்பாக்கம் நீர்நிலையம் 1914 முதல் வழங்கியது.

நம் ஊருக்கோ வடிகட்டியை இயற்கையே அளித்திருக்கிறது. கம்பரசம்பேட்டையிலும் கொள்ளிடப் படுகையிலும் உள்ள கிணறுகள், ஆற்றின் மேற்பரப்பு நீரை அன்று, மணலுக்குள் ஊறி வரும் நீரையே சேர்க்கின்றன. மணல் மெல்ல மெல்ல மாசை நிறுத்திக்கொள்கிறது. பிறகு குளோரின் சேர்ந்து, குழாய் வழியே நம் வாசலுக்கு அந்நீர் வருகிறது. எனவே “நகராட்சி நீர் தூயது, கிணற்று நீர் தீயது” என்று நான் எண்ணியதற்குக் காரணம் இல்லாமல் இல்லை. ஆயினும் வீதிவரை தூயதாக வந்த நீர், என் வாசலிலிருந்து அடுக்களைவரை எவ்வழியே வருகிறது என்பதை நான் பார்க்கவில்லை.

மூன்றாம் அடுக்கு அந்தக் குழாயே. துத்தநாகம் பூசிய இரும்புக் குழாய் அது. உருகிய துத்தநாகத்தில் இரும்பைத் தோய்த்துத் துருவிலிருந்து காக்கும் முறைக்கு, பிரெஞ்சு நாட்டில் சொரேல் என்பவர் 1837-இல் காப்புரிமை பெற்றார். துத்தநாகம் தான் முதலில் கரைந்து இரும்பைக் காக்கும். ஆனால் பல ஆண்டுகள் நீரோடினால் அந்தப் பூச்சு தீர்ந்துவிடும். பின்னர்த் துரு தொடங்கும். துரு வெளியே தெரியாது. உட்புறத்தில் கட்டிகட்டியாக வளரும். குழாயின் உள்விட்டம் பாதியானால், நீர் செல்லும் பரப்பு நான்கில் ஒரு பங்காகிவிடும். துருக்கட்டிகளில் உராய்வதால் வரும் நீரோ அதனினும் குறையும். வெளியே அரை அங்குலக் குழாயாகத் தோன்றுவது, உள்ளே பென்சில் நுழையும் துளையாக மாறியிருக்கும்.

பெரியவர் வாசற்சாக்கடையின் மேலிருந்த கல்லை நகர்த்தினார். நான் கண்ட காட்சியை இன்னும் மறக்கவில்லை. எங்கள் குடிநீர்க் குழாய் சாக்கடை நீருக்குள் மூழ்கிக் கிடந்தது! அதன் நடுவில் ஓர் இணைப்பு. யாரோ எப்போதோ வெட்டி, சணலும் ஈயப் பசையும் வைத்து முறுக்கியது. அந்த இணைப்பின் அடியில் துரு தின்ற ஓட்டை ஒன்று. அவர் அந்தத் துண்டை அறுத்தெடுத்து என் கையில் கொடுத்தார். உள்ளே சுண்டுவிரல் நுழையவில்லை.

ஓட்டையுள்ள குழாயிலிருந்து நீர் வெளியே போகுமேயன்றி, சாக்கடை எவ்வாறு உள்ளே வரும் என்று மாணவர் கேட்கலாம். நல்ல கேள்வி. குழாயில் அழுத்தம் இருக்கும்வரை நீர் வெளியேதான் கசியும். ஆனால் நம் ஊர்களில் நீர் நாள் முழுதும் வருவதில்லை. சில மணி நேரம் வந்து நிற்கிறது. நின்றபின், குழாயில் எஞ்சிய நீர் தாழ்ந்த இடத்தை நோக்கி வடியும். அப்போது குழாய்க்குள் வெளிக்காற்றினும் குறைந்த அழுத்தம் தோன்றும். ஓட்டையைச் சூழ்ந்துள்ள நீரை அது உள்ளே இழுக்கும். மறுநாள் முதலில் வரும் நீரோடு அதுவும் வரும். இது போதாதென்று, நான் மோட்டார் வேறு பொருத்தியிருந்தேன்! அது வீதி நீரை மட்டுமா உறிஞ்சியது? சாக்கடையையும் சேர்த்தே உறிஞ்சியது.

இப்போது காரணச் சங்கிலி தெளிவாயிற்று. குழாய் துருப்பிடித்தது, அதனால் நீர் குறைந்தது. நீர் குறைந்ததால் மோட்டார் வந்தது. மோட்டாரால் மாசு உள்ளே வந்தது. மாசினால் குழந்தை நோயுற்றான். சங்கிலியின் நடுவே நின்றவன் நானே. நானோ குற்றத்தைக் கிணற்றின் மீது சுமத்தினேன்.

இவ்விடத்தில் 1854-ஆம் ஆண்டு இலண்டன் நகரில் நிகழ்ந்த ஒன்றை நினைவுகூர்தல் பொருந்தும். சோஹோ என்னும் பகுதியில் வாந்திபேதி பரவிச் சில வாரங்களில் அறுநூறுக்கு மேற்பட்டோர் மாண்டனர். கெட்ட காற்றே நோய்க்குக் காரணம் என்பது அக்காலத்தார் பலரின் நம்பிக்கை. ஜான் ஸ்நோ என்னும் மருத்துவர் அதை ஏற்கவில்லை. இறந்தவர் வீடுகளைக் குறித்து ஆராய்ந்து, அவர்களில் பெரும்பாலோர் பிராட் தெருவிலிருந்த ஓர் அடிகுழாயின் நீரைக் குடித்தவர் என்று கண்டார். அருகிலிருந்த மதுவடிப்பாலைத் தொழிலாளர் அந்நீரைக் குடிக்காததால் தப்பினர் என்பதையும் கண்டார். செப்டம்பர் 8-ஆம் நாள் அந்த அடிகுழாயின் கைப்பிடி கழற்றப்பட்டது. பின்னர்த் தோண்டிப் பார்த்தபோது, அண்டை வீட்டுக் கழிவுத் தொட்டியின் சிதைந்த செங்கற்சுவர் வழியே மாசு கிணற்றில் கசிந்தது புலனாயிற்று. அந்நோயின் நுண்ணுயிரை இராபர்ட் காக் 1884-இல் கல்கத்தாவில் உறுதிப்படுத்தினார். இலண்டனில் உண்மையைக் காட்டியது எது? யார் குடித்தார், யார் குடிக்கவில்லை என்ற எளிய கேள்விதான்.

அக்கேள்வியை நான் என் வீட்டில் கேட்கத் தவறினேன். எங்களோடு வாழும் என் தமக்கையார் எழுபத்தைந்து வயதினர். அவர் இளமை தொட்டுக் கிணற்று நீரைக் காய்ச்சியே குடிப்பவர். அவர் ஒருமுறையும் நோயுறவில்லை. குழாய் நீரை அப்படியே குடித்த குழந்தையும் மருமகளும் நோயுற்றனர். சான்று கூடத்திலேயே அமர்ந்திருந்தது. நான் அதைக் காணவில்லை. இதிலும் ஓர் எச்சரிக்கை வேண்டும். தமக்கையார் நீரைக் காய்ச்சினார். ஆகவே கிணற்று நீர் தூயதென்று இதனால் நிறுவ முடியாது. சான்று எவ்வளவு சொல்கிறதோ, அவ்வளவே நாம் கொள்ள வேண்டும். வரலாற்று மாணவர்க்கு இஃது இன்றியமையாத ஒழுக்கம்.

பழுது நீக்கிய முறையையும் கூறுகிறேன். முதலில் மோட்டாரைக் கழற்றினோம். சாக்கடைக்குள் கிடந்த குழாயை அகற்றி, சாக்கடை நீர் தீண்டாத உயரத்தில், கடக்கும் இடத்தில் இணைப்பே இல்லாத ஒரே நீளக் குழாயாக, மற்றொரு பெரிய குழாயை உறையாக இட்டுக் கொண்டுவந்தோம். வீட்டுக்குள் சுவருக்குள் புதைத்த பழைய இரும்புக் குழாயை விடுத்து, கண்ணுக்குத் தெரியும்படி சுவரின் மேலாகப் புதுக்குழாய் அமைத்தோம். “அழகு குறையுமே” என்றேன். “கசிந்தால் அன்றைக்கே தெரியும், சார், அதுதான் அழகு” என்றார் பெரியவர்.

சுவரின் ஈரத்திற்கும் விடை கிடைத்தது. சுண்ணாம்புச் சுவர் தான் ஏற்ற ஈரத்தைக் காற்றில் மெல்ல வெளிவிடும். அதன்மேல் சிமெண்டைப் பூசினால் ஈரம் வெளியேற வழியின்றி மேலே ஏறும். நான் மருந்தென்று பூசியதே நோயை வளர்த்தது. சிமெண்டைச் செதுக்கி, சுவர் உலர்ந்தபின் சுண்ணாம்பே பூசினோம். கிணற்றையும் தூர்க்கவில்லை. தூரெடுத்து, மேலே வலை மூடி, முற்றத்துக் கூரையின் மழைநீர் மணலும் கூழாங்கல்லும் நிரப்பிய தொட்டி வழியே அதில் இறங்கச் செய்தோம். தமிழ்நாட்டில் 2003-இல் மழைநீர்ச் சேகரிப்பு கட்டாயமாக்கப்பட்டது. அந்தக் கடமையையும் நான் அரைகுறையாகவே நிறைவேற்றியிருந்தேன்.

ஒரு வீட்டுக்கு உரியது நாட்டுக்கும் உரியதே. முக்கொம்பு மேலணையில் கொள்ளிடத்தின் ஒன்பது மதகுகள் 2018 ஆகஸ்டு 22-ஆம் நாள் இரவு இடிந்து வீழ்ந்ததை நாம் அறிவோம். நூற்றாண்டு கடந்த கட்டுமானம் எத்துணைச் சிறந்ததாயினும், நீர் ஒருநாளும் ஓய்வதில்லை. அதைத் தாங்கும் பொருளைப் பேணுவோர்க்கும் ஓய்வில்லை.

மாணவச் செல்வங்களே, உங்களுக்கு நான்கு சிறு பணிகள் தருகிறேன். முதலாவதாக, உங்கள் வீட்டில் நீர் எங்கிருந்து வருகிறது, எவ்வழியே செல்கிறது, எங்கே வெளியேறுகிறது என்று ஒரு வரைபடம் வரையுங்கள். இரண்டாவதாக, குடிநீர்க் குழாய் சாக்கடையைக் கடக்கும் இடத்தைப் பெரியவர் துணையோடு பாருங்கள். மூன்றாவதாக, இரவில் எல்லாக் குழாய்களையும் மூடித் தொட்டியின் நீர்மட்டத்தைக் குறித்து வைத்து, காலையில் ஒப்பிடுங்கள்; மட்டம் தாழ்ந்திருந்தால் எங்கோ கசிவு உண்டு. நொடிக்கு ஒரு துளி விழுந்தால் என்ன என்று எண்ணாதீர்கள். இருபது துளி ஒரு மில்லிலிட்டர் என்று கொண்டால், நாள் ஒன்றுக்கு நான்கு லிட்டருக்கு மேலும், ஆண்டுக்கு 1,500 லிட்டருக்கு மேலும் வீணாகும். நான்காவதாக, எந்தப் பழுது எந்த நாளில் எவரால் எவ்வாறு நீக்கப்பட்டது என்று ஒரு குறிப்பேட்டில் எழுதி வையுங்கள்.

என் வீட்டில் இப்போது அத்தகைய குறிப்பேடு ஒன்று இருக்கிறது. அதன் முதற்பக்கத்தில் குழாயின் வரைபடமும், அதை அமைத்த ஆண்டும் உள்ளன. அறுத்தெடுத்த அந்தத் துருக்குழாய்த் துண்டு என் மேசைமேல் இருக்கிறது. பேரனின் கேள்விக்காக அதை வைத்திருக்கிறேன். “தாத்தா, இதற்குள்ளா தண்ணீர் வந்தது?” என்று அவன் ஒருநாள் கேட்டான். “ஆம் அப்பா, நான் பார்க்காமல் இருந்தவரை” என்றேன்.

முன்னோர் விட்டுச்சென்ற வீட்டில் வாழ்வது எளிது. அவர்கள் விட்டுச்சென்றது இன்னதென்று அறிந்து வாழ்வதே கடமை. அந்த அறிவு கோபுரத்தின் உச்சியில் மட்டுமன்று, வாசற்சாக்கடையின் கல்லுக்கு அடியிலும் இருக்கிறது. குனிந்து பார்ப்போமாக.